மேப்பிளா, பர்ச்சா, பலாவா?

நமக்கெல்லாம் மரத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டாம். கட்டிலுக்குத் தேக்கு, உலக்கைக்குக் கருங்காலி, மிருதங்கத்துக்குப் பலா. யார் வீட்டுக்குப் போனாலும் ஊஞ்சல் பலகையை இரண்டு தட்டுத் தட்டி, "பர்மா தேக்கு! இப்பல்லாம் எங்கே சார் கிடைக்குது?" என்று பெருமூச்சு விட்ட பிறகுதான் காபியைக் கையில் வாங்குவோம்.

ஆனால் டிரம்ஸுக்கு எந்த மரம் நல்லது என்று கேட்டால்? சினிமா மேடையில் நாலைந்து உருளைகளுக்கு நடுவே ஒருத்தர் உட்கார்ந்து வியர்வை சிந்துவாரே, அந்த டிரம்ஸ். என்னிடம் கேட்டது என் மாமா பையன்.

"மச்சான், மேப்பிள் எடுக்கலாமா, பர்ச் எடுக்கலாமா? நீதான் சொல்லணும்."

"நான் என்னத்தைச் சொல்றது மாப்ளே? எனக்கு பஜனையில தாளம் போடவே வராது."

"தாளத்தை நான் பார்த்துக்கறேன். நீ பி.காம்.தானே, கணக்கைப் பாரு."

பி.காம். படித்ததில் இது ஒரு தொந்தரவு. குடும்பத்தில் யார் எது வாங்கினாலும், ஃபிரிஜ் முதல் பிளாட் வரை, கூடப் போய் உட்கார வேண்டியவன் நான். 'வருவதைப் பற்று வை, போவதை வரவு வை' என்ற ஒரே மந்திரத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். டிரம்ஸுக்கும் அது போதுமா என்று பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்சிப் பக்கம் ஒரு லைட் மியூசிக் ஆர்கெஸ்ட்ராவில் பதினெட்டு வருஷமாக டிரம்ஸ் வாசிக்கிறான். ஆடியில் அம்மன் கோயில், ஆவணியிலும் தையிலும் கல்யாண ரிசப்ஷன், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சர்ச். அவனுடைய பழைய செட்டைப் பார்த்தால் கண்ணீர் வரும். வளையம் கோணி, நட்டு கழன்று, ஒரு டாம் சைக்கிள் டியூப் கட்டில் நிற்கிறது. சத்தமா? எண்ணெய் டின்னைத் தட்டுகிற சத்தம்.

இதற்கிடையில் வந்து சேர்ந்தான் வில்லன். பெயர் ரிதம் பேட். ஒரு பெட்டி, அதன்மேல் எட்டுக் கட்டம். ஒரு கட்டத்தைத் தட்டினால் தவில், இன்னொன்றைத் தட்டினால் தபலா, மூன்றாவதைத் தட்டினால் பத்து லட்ச ரூபாய் டிரம்ஸின் சத்தம். ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம். டிரம்ஸுக்கோ வேன் வேண்டும், மேடையில் எட்டடிக்கு எட்டடி இடம் வேண்டும், முக்கால் மணி நேரம் முன்னாடி வந்து மாட்ட வேண்டும். ஆர்கெஸ்ட்ரா முதலாளி போன சீசன் முடிவில் சொல்லிவிட்டாராம்: "தம்பி, அடுத்த வருஷத்துக்கு பேட் மட்டும் போதும்னு பார்க்கறேன். டிரம்ஸ்னா டிரம்ஸ் மாதிரி கேக்கணும். இல்லேன்னா எதுக்கு?"

அதனால்தான் உலகத்தரத்தில் ஒரு செட். மனைவி ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்த பணம் மூன்றரை லட்சம். சீட்டு இன்னும் பதினான்கு மாதம் கட்ட வேண்டும். அந்தத் தங்கச்சி காபி கொடுத்துக்கொண்டே கேட்டாள்:

"அண்ணே, மேப்பிளோ என்ன எழவோ, எனக்குத் தெரியாது. எந்த மரம் வாங்கினா இவருக்குப் புரோகிராம் நிக்காம வரும்? அதை மட்டும் சொல்லுங்க."

டிரம்ஸ் மரத்தைப் பற்றி இதைவிட உருப்படியான கேள்வியை எந்த நிபுணரும் கேட்டு நான் படித்ததில்லை.

முதல் அதிர்ச்சி, கடையில் காத்திருந்தது. சென்னையில் ஒரு பெரிய வாத்தியக் கடை. கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஒரு செட்டின் விலைச்சீட்டைப் பார்த்து, "பரவாயில்லையே, பட்ஜெட்டுக்குள்ள வருதே" என்றேன். மாப்பிள்ளை காதில் கிசுகிசுத்தான்: "மச்சான், இது ஷெல் பேக்."

ஷெல் பேக் என்றால் வெறும் உருளைகள். சிம்பல் என்கிற வெண்கலத் தட்டுகள் கிடையாது. அவற்றைத் தாங்கும் ஸ்டாண்டு கிடையாது. காலால் மிதிக்கும் பெடல் கிடையாது. உட்கார ஸ்டூல் கிடையாது. பல செட்டுகளில், டிரம்ஸின் உயிர்நாடியான ஸ்னேர் கூடக் கிடையாது! விலை ஏற ஏறக் கூட வருகிற சாமான் குறைகிறது. மலிவு செட் வாங்கினால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுக்கிறான். உசந்த செட் வாங்கினால், 'இதை வாங்குகிறவரிடம் மற்றதெல்லாம் ஏற்கெனவே இருக்கும்' என்று மரியாதையாக நினைத்துக்கொள்கிறான். கதவு, ஜன்னல் இல்லாத பிளாட் மாதிரி.

இனி மரம். மிருதங்கத்தையும் தவிலையும் ஒரே கட்டையைக் குடைந்து செய்கிறோம். டிரம்ஸ் அப்படியில்லை. மரத்தைத் தாள் மாதிரி மெல்லிசாகச் சீவி, ஆறு ஏழு தாள்களைப் பசை போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வட்ட அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். உருளையின் சுவர் கனம் ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர். நாகரிகமாகச் சொன்னால் ஷெல், நாட்டுப்புறமாகச் சொன்னால் பிளைவுட். தச்சர்கள் யாராவது இதைப் படித்தால் மூன்றரை லட்சத்தை நினைத்து மயக்கம் போட்டுவிட வேண்டாம்.

இதில் மேப்பிள்தான் அமெரிக்கர்களின் செல்லப்பிள்ளை. மரப்பாகு எடுத்து தோசை மாதிரி ஒன்றின்மேல் ஊற்றிக்கொள்வார்களே, அதே இனம். ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 700 கிலோ. எல்லாச் சுருதியும் சமமாக வரும், நாதம் நீண்டு நிற்கும் என்று வாசிக்கிறவர்கள் சொல்கிறார்கள். கலிபோர்னியாவில் ஆக்ஸ்நார்டில் இருக்கும் டி.டபிள்யூ. கம்பெனியில் ஒவ்வொரு மேப்பிள் உருளையையும் தோல் கட்டுவதற்கு முன்பே தட்டிப் பார்த்து, அது எந்த ஸ்வரம் பேசுகிறதோ அதை உள்ளே முத்திரை குத்தி, ஒத்துப்போகிற உருளைகளை ஒரு குடும்பமாகச் சேர்க்கிறார்கள். ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி. இந்தக் கம்பெனியை 2022-ல் வாங்கியது யார் தெரியுமா? ரோலண்ட். எட்டுக் கட்டப் பெட்டிக்குப் பேர்போன அதே ரோலண்ட்! இதை நான் சொன்னதும் மாப்பிள்ளை டி.டபிள்யூ. பக்கம் திரும்பவே இல்லை.

பர்ச், எடையில் மேப்பிளுக்குப் பங்காளி. ஆனால் குணம் வேறு. அடிநாதமும் மேல்சத்தமும் ஒரு பிடி முன்னால் நிற்கும், நடுச்சத்தம் கொஞ்சம் பின்வாங்கும், நாதம் சீக்கிரம் அடங்கும் என்கிறார்கள். அதனால் ஒலிப்பதிவுக்காரர்களுக்கு இதன்மேல் தனிப் பிரியம். யமஹா 1975-ல் கொண்டுவந்த பர்ச் செட் பின்னால் 'ரெக்கார்டிங் கஸ்டம்' என்றே பெயர் வாங்கி, ஸ்டீவ் காட் போன்றவர்கள் வாசித்து ஸ்டூடியோ ஸ்டூடியோவாக நுழைந்தது. யமஹா என்றதும் என் வயதுக்காரர்களுக்கு ஆர்.எக்ஸ். 100 பைக்தான் ஞாபகம் வரும். 1985-லிருந்து 1996 வரை நம் ஊரில் தயாரான அந்த மோட்டார் சைக்கிளுக்கு மூத்த அண்ணன் ஒரு ஆர்கன். 1887-ல் ஹமாமட்சு என்ற ஊரில் பள்ளிக்கூடத்து ஆர்கனை ஒருவர் ரிப்பேர் செய்ததில் தொடங்கிய வியாபாரம் அது. யமஹா முத்திரையை உற்றுப் பாருங்கள், மூன்று இசைக்கவைகள் இருக்கும்.

மஹாகனி கொஞ்சம் இலேசு, 590 கிலோ சுமார். அடிக்குரலுக்குப் பேர் போனது. பீச் என்ற மரம் ஜெர்மனியின் சோனார் கம்பெனிக்காரர்களின் கைராசி. வால்நட் 610 கிலோ பக்கம், இப்போது கொஞ்சம் மவுசு.

புபிங்காவின் கதைதான் வேறு மாதிரி. காமரூன், காபோன் காடுகளில் வளரும் சிவந்த மரம். 890 கிலோ, தேக்கைவிட எவ்வளவோ கனம். டாமா என்ற ஜப்பான் கம்பெனி இதில் செய்த டிரம்ஸ் ஒரு காலத்தில் கனவுப் பொருள். இடி மாதிரி கேட்கும். ஆனால் இந்த மரத்தில் சாப்பாட்டு மேஜையும் அலமாரியும் செய்ய ஆசைப்பட்ட கூட்டம் டிரம்மர்களைவிடப் பெரிது. வெட்டித் தள்ளினார்கள். 2016-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டீஸ் மாநாட்டில், அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு தாண்டக் கூடாத மரங்களின் பட்டியலில் இதையும் சேர்த்தார்கள். 2017 ஜனவரி 2 முதல் அமல். ஒரு டிரம்மர் வெளிநாட்டுக் கச்சேரிக்கு செட்டை எடுத்துக்கொண்டு போவதே பாஸ்போர்ட் ஆபீஸ் விவகாரம் மாதிரி ஆகிப்போனது. 2019-ல் முடிந்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அதற்குள் டாமா வால்நட்டையும் பர்ச்சையும் கலந்து ஒட்டத் தொடங்கிவிட்டது.

இந்த மரங்களைப் பற்றிய விளம்பர வார்த்தைகள் தனி ரகம். மேப்பிள் 'கதகதப்பு', பர்ச் 'கூர்மை', வால்நட் 'இருட்டு', மஹாகனி 'பழமை வாசனை'. சத்தத்தில் எப்படி இருட்டும் வாசனையும் வரும்? நம் வீட்டு மாமி ரசத்துக்குச் சொல்கிற விமரிசனமே தேவலை. 'உப்பு பத்தலை' என்றால் உப்புப் போட்டுவிடலாம். 'இருட்டு பத்தலை' என்றால் எதைப் போடுவது?

ஆகவே ஒரு பரீட்சை வைத்தேன். கடைப் பையனைக் கூப்பிட்டு, பன்னிரண்டு அங்குல மேப்பிள் டாமையும், அதே அளவு பர்ச் டாமையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அவன் மாற்றி மாற்றி அடித்தான். எனக்கே பளிச்சென்று வித்தியாசம் தெரிந்தது. ஒன்று 'டூம்', மற்றது 'டப்'. ஆஹா, மரத்தில் விஷயம் இருக்கிறது!

மாப்பிள்ளை குனிந்து பார்த்துவிட்டு, "மச்சான், ரெண்டுலயும் வேற வேற ஸ்கின்" என்றான்.

டிரம்மின் தோல் இப்போது தோல் இல்லை, பிளாஸ்டிக். முன்பெல்லாம் கன்றுக்குட்டித் தோல்தான். மழை பெய்தால் தொங்கிவிடும், வெயில் அடித்தால் முறுக்கிக்கொள்ளும். 1957-ல் ரெமோ பெல்லி என்ற டிரம்மர் லாஸ் ஏஞ்சலீஸில் பாலியெஸ்டர் தோல் வியாபாரம் தொடங்கினார். அவருடைய பிரபலமான தோலின் பெயர் 'அம்பாஸடர்'. நம்ம ஊர்க் கார் மாதிரியே எங்கும் எதற்கும் பொருந்தும். கால் மில்லிமீட்டர் கனம், ஒரே படலம். 'எம்பரர்' என்பது இரண்டு படலம். கடையில் மேப்பிளுக்கு அம்பாஸடரும் பர்ச்சுக்கு எம்பரரும் மாட்டியிருந்தார்கள். நான் கேட்டது சக்கரவர்த்திக்கும் தூதருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

கடைப் பையன் நல்ல பையன். இரண்டுக்கும் ஒரே தோல் மாட்டினான். மாப்பிள்ளை சாவியை எடுத்து ஒவ்வொரு திருகாகத் திருகி, காதை வைத்துக் கேட்டு, அரை மணி நேரத்தில் இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்தான். மறுபடி பரீட்சை. பத்து அடியில் நான் சரியாகச் சொன்னது ஆறு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே ஐந்து வந்திருக்கும்.

மாப்பிள்ளை திரும்பி நின்றான். பத்துக்கு ஒன்பது.

"எப்படிடா?"

"மேப்பிள் கொஞ்சம் இழுக்குது மச்சான். பர்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு நிறுத்திடுது."

ஆக, மரத்துக்கு மரம் வித்தியாசம் இல்லவே இல்லை என்பதும் பொய். இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் வரிசையில் பலபேர் நிற்கிறார்கள். உருளையின் அளவு, மேல்தோல், கீழ்த்தோல், முறுக்கு, தோல் உட்காரும் விளிம்பைச் சீவிய விதம், வாசிக்கிற கை, வாசிக்கிற இடம். இத்தனைக்கும் பிறகுதான் மரம். விலைச்சீட்டிலோ அது முதல் வரியில் நிற்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஆர்கெஸ்ட்ராவின் சவுண்டுக்காரரிடம் போனில் அபிப்பிராயம் கேட்டோம். அவர் சொன்னது: "எந்த மரமா வேணா இருக்கட்டும் தம்பி. நான் டேப் ஒட்டத்தான் போறேன்." மேடையில் ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மைக். நாதம் நீண்டால் ஒன்றின் ரீங்காரம் மற்றதன் மைக்கில் புகுந்து குழம்பும். ஆகவே தோலின் ஓரத்தில் டேப்பைச் சுருட்டி ஒட்டுகிறார்கள். பெரிய பேஸ் டிரம்முக்குள்ளே தலையணை. ஆமாம், படுக்கிற தலையணை. இது ஏதோ திருச்சிப் பழக்கம் என்று நினைக்காதீர்கள், உலகம் பூராவும் இப்படித்தான். லட்சம் லட்சமாகக் கொடுத்து நாதத்தை வாங்கி, அதன் வாயில் இலவம்பஞ்சை அடைக்கிறோம். எந்தக் கணக்குப் பதிவியலிலும் இதற்குப் பத்தி கிடையாது.

பிரபலங்கள் என்ன மரம் பார்த்தார்கள் என்று கொஞ்சம் தேடினேன். பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் 1963-ல் லண்டன் கடையில் லட்விக் செட்டை எடுத்ததற்குக் காரணம் நிறம். சிப்பி மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக நெளியும் ஒரு சாம்பிள் அவருக்குப் பிடித்துவிட்டது. அந்த நிறம் லட்விக்கில்தான் இருந்தது, எடுத்துக்கொண்டார். நம் வீடுகளில் புடவை எடுப்பது போலத்தான். 1964 பிப்ரவரி 9-ம் தேதி அமெரிக்க டி.வி.யில் ஏழு கோடிப்பேருக்கு மேல் அவரைப் பார்த்தார்கள், லட்விக் பாக்டரி ராப்பகலாக ஓடியது. அந்த உருளைகளின் நடுத்தாள் பாப்லர் என்ற சாதாரண மரம். லெட் ஸெப்பெலினின் ஜான் பான்ஹம் 1973-ல் நியூயார்க் மேடையில் வாசித்தது ஆரஞ்சு நிற அக்ரிலிக் செட். மரமே கிடையாது, பிளாஸ்டிக். நம்ம சிவமணி தண்ணீர் கேனையும் பெட்டியையும் சமையல் பாத்திரத்தையும் தட்டிக் கைதட்டல் வாங்குகிறார். அவை எந்த மரம்?

இதையெல்லாம் நான் ஒப்பித்தபோது மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அவங்க ரிங்கோ, மச்சான். நான் என்ன, ரிங்கோவா? எனக்கு செட்டும் நல்லா இருந்தாத்தான் சோறு" என்றான். நியாயம்தான். பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

வழியில் ஒரு மிருதங்கம் செய்கிறவர் பட்டறையில் நின்றோம். மாப்பிள்ளைக்குப் பழக்கம். வாசலில் பண்ருட்டிப் பலாக்கட்டைகள் அடுக்கியிருந்தன. இங்கே எந்தக் கட்டை நல்லது என்று கேட்டேன். பெரியவர் வலந்தலையின் வாரை இழுத்துக்கொண்டே, "கட்டை நல்லா வைரம் பாஞ்சிருக்கணும், வெடிப்பு இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அப்பா வாசிச்ச கட்டையைப் பிள்ளை வாசிப்பார். மூட்டுதான் சார் மாத்திக்கிட்டே இருக்கணும். தோலு சரியில்லேன்னா எந்தக் கட்டையும் பேசாது" என்றார். பசுந்தோல், ஆட்டுத்தோல், எருமை வார், நடுவில் கிட்டான் கல் பொடியும் சோறும் குழைத்துத் தேய்த்த கறுப்பு வட்டம். உழைப்பெல்லாம் அங்கேதான். பணம் வாங்குவதும் அதற்குத்தான். (போகிறபோக்கில் ஒரு பி.காம். தகவல்: கையால் செய்த நம் நாட்டு வாத்தியங்களுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. டிரம்ஸுக்கு உண்டு.)

'அப்பா கட்டையைப் பிள்ளை வாசிப்பார்' என்ற வார்த்தைதான் என் கணக்கு மூளையைக் கிள்ளியது. கட்டைக்கு ஆயுசு அதிகம் என்றால், பழசு ஏன் கூடாது? புதுப் பொருள் கடையைவிட்டு வெளியே வந்த நிமிஷமே விலை இறங்குகிறது. அந்தத் தேய்மானத்தை வேறு யாராவது ஏற்கெனவே அனுபவித்திருந்தால் நமக்கு லாபம்.

கோடம்பாக்கத்தில் அப்படி ஒரு செட் இருந்தது. ஒரு சின்ன ரெக்கார்டிங் தியேட்டர், மூடி வருஷமாகிவிட்டது. டிரம்ஸ் சத்தத்தைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொள்கிற காலத்தில் தியேட்டரில் டிரம்ஸுக்கென்று தனி அறை எதற்கு? சொந்தக்காரர் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். மூலையில் போர்வைக்கு அடியில் பியானோக் கறுப்பில் ஒரு யமஹா ரெக்கார்டிங் கஸ்டம். பர்ச். தொண்ணூறுகளில் வந்த ஜப்பான் சரக்கு. போர்வையை எடுத்ததும் மாப்பிள்ளை தொடவில்லை. சும்மா நின்றான்.

"எந்தெந்தப் பாட்டுக்கு வாசிச்சிருப்பாங்க சார்?" என்றான்.

"அதெல்லாம் யார் எழுதி வெச்சாங்க" என்றார் அவர்.

உட்கார்ந்து நாலு நிமிஷம் வாசித்தான். அறையில் சத்தம் ஏறி, உடனே அடங்கியது. பாட்டு ஏதும் இல்லை, வெறும் தாளம். சொந்தக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருந்தாலும் பழசு பழசுதானே? பழைய டிரம்மில் பார்க்க வேண்டியது இரண்டு. உருளை வட்டமாகவே இருக்கிறதா, விளிம்பு சமமாக இருக்கிறதா. விளிம்பில் பள்ளம் இருந்தால் தோல் ஒழுங்காக உட்காராது, எந்தச் சாவியாலும் சுருதி நிற்காது. மேப்பிளா பர்ச்சா என்று மாதக்கணக்கில் விவாதிக்கிறவர்கள் இதைப் பத்து நிமிஷம் பார்ப்பதில்லை. பார்க்க என்ன வேண்டும்? தோலைக் கழற்றிவிட்டு, சமதளமான ஒரு கல்லில் கவிழ்த்து வைத்து, உள்ளே விளக்கு. விளிம்பில் எங்கே வெளிச்சம் கசிகிறதோ, அங்கே பள்ளம்.

சமதளக் கல்லுக்கு எங்கே போவது? தியேட்டருக்குப் பின்னாலேயே அவர் வீடு. சமையலறையில் கிரானைட் மேடை. வீட்டம்மா மிக்ஸியையும் எண்ணெய்த் தூக்கையும் நகர்த்திக் கொடுத்து, "என்ன பண்ணப் போறீங்க?" என்று பயத்துடன் கேட்டார். விளக்கை அணைத்தோம். செல்போன் டார்ச்சை உள்ளே வைத்து பத்து அங்குல டாமைக் கவிழ்த்தோம். இருட்டு. பன்னிரண்டு, அதுவும் இருட்டு. விளம்பரத்தில் சொன்ன இருட்டு இதுதான் போலிருக்கிறது. பதினாறு அங்குல ஃப்ளோர் டாமில் மட்டும் ஒரு ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒளிக்கீற்று. மூன்று பேரும் குனிந்து அதைப் பார்த்தோம். சொந்தக்காரர் தாமாகவே, "முப்பதாயிரம் குறைச்சுக்கறேன்" என்றார். இரண்டு இருபது சொன்ன செட் ஒன்று தொண்ணூறுக்கு முடிந்தது. பெடலும் ஸ்டாண்டுகளும் அதிலேயே அடக்கம். ஸ்னேரும்.

சர்ச்சுக்கு மேப்பிள்தானே நல்லது, அங்கே மைக் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். அது உயரமான ஹால். அடித்த சத்தம் கூரைக்குப் போய்த் திரும்பி வருகிறது. இழுக்கிற வேலையை ஹாலே பார்த்துக்கொள்கிறது, டிரம்மும் சேர்ந்து இழுத்தால் பாதிரியார் தடுத்துவிடுவார். ஸ்டூடியோவோ ஜாஸ் கிளப்போ சொந்தமாக இருக்கிறவர்கள், பத்து பேர் உட்கார்ந்து கேட்கிற சின்ன அறையில் மைக் இல்லாமல் வாசிக்கிறவர்கள் தாராளமாக மேப்பிள் வாங்கட்டும். அந்த இழுப்பு அழகுதான், நானே கேட்டேன்; பத்துக்கு ஆறு தடவை.

புதுச் செட்டே வேண்டும் என்பவர்களுக்கும் ஒன்று. யமஹாவிலேயே 'ஸ்டேஜ் கஸ்டம்' என்று இருக்கிறது. அதுவும் முழு பர்ச். நான் விசாரித்த அன்று ரெக்கார்டிங் கஸ்டம் விலையில் பாதிக்கும் கீழே. வேலைப்பாடு, இரும்புச் சாமான், பாலிஷ் எல்லாம் ஒரு படி கம்மி. மரத்தின் பெயர் ஒன்றுதான். மரத்துக்காக மட்டும் காசு கொடுக்க நினைப்பவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தோல் மாட்டிக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.

மிச்சப் பணத்தில் சிம்பல் வாங்கினோம். அதை யாரும் டேப் ஒட்டி அடக்க முடியாது. மோசமான சிம்பல் கடைசி வரிசை வரைக்கும் மோசமாகவே கேட்கும். அங்கே கஞ்சத்தனம் பண்ணாதே என்று நானே சொன்னேன். செட் பூராவுக்கும் புதுத் தோல். ஃப்ளோர் டாமின் விளிம்பை மாப்பிள்ளையே மணல்தாளைக் கண்ணாடிப் பலகையில் ஒட்டி, இரண்டு ராத்திரி மெல்லத் தேய்த்துச் சரி செய்தான். ஆடி முதல் வெள்ளிக்கு மேடையேறியது. ஆர்கெஸ்ட்ரா முதலாளி மூன்றாவது பாட்டு முடிந்ததும் திரும்பிப் பார்த்தாராம். ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனால் அடுத்த வெள்ளிக்கும் வேன் சொல்லியிருக்கிறார். பேட்காரரும் இருக்கிறார். தவிலும் தபலாவும் அவர், டிரம்ஸ் இவன்.

தங்கச்சியின் கணக்கு நோட்டை நான்தான் எழுதிக் கொடுத்தேன்: டிரம்ஸ் (பழசு, பர்ச்) 1,90,000. சிம்பல் 85,000. தோல் 14,000. பை, உறை 18,000. ஆக 3,07,000. கையிருப்பு 43,000, சீட்டுத் தவணைக்கு. அதற்குக் கீழே அவளாக ஒரு வரி சேர்த்திருந்தாள்:

'தலையணை 1. வீட்டிலிருந்து போனது. திரும்ப வரவில்லை.'